தோட்டத்து உயிர்களும் காப்பும்

தோட்டத்தில் ஒருவர் மாண்டால் இரண்டு சொற்களில் ஒன்று நம் காதில் விழும். லயத்திலிருப்போர் 'விதி' என்பர். ஆபீசிலிருப்போர் 'கவனக்குறைவு' என்பர். முன்னது பழியைத் தலையெழுத்தின் மேல் சுமத்துகிறது; பின்னது மாண்டவர் தலையிலேயே சுமத்துகிறது. இரண்டில் எதைச் சொன்னாலும் தோட்டத்தை நடத்தியவர்கள் கைகழுவிக்கொள்ள வழி ஏற்பட்டுவிடுகிறது. ஆதலின் இவ்விரு சொற்களையும் ஒருபுறம் வைத்துவிட்டு, மலாயாவின் தோட்டங்களில் உயிர்கள் உண்மையில் எவ்வாறு போயின, எவ்வாறு காக்கப்பட்டன என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம். நூற்றிருபது ஆண்டுக்கால வரலாறு நமக்கு முன்னே கிடக்கிறது. அதில் ஒரு செய்தி திரும்பத் திரும்பத் தென்படுகிறது. தொழிலாளியை நோக்கி 'எச்சரிக்கையாக இரு' என்று சொல்லப்பட்ட காலங்களில் சாவு அதிகம் குறையவில்லை. அபாயத்தை அது இருந்த இடத்திலிருந்தே அகற்றிய காலங்களில் குறைந்தது.

ரப்பர் இந்நாட்டுக்கு வந்த கதை பலரும் அறிந்ததே. இலண்டன் மாநகரத்துக் கியூ பூங்காவிலிருந்து 1877ல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தவை 22 கன்றுகள். அவற்றில் சில பேராக்கிலுள்ள கோலகங்சாரில் நடப்பட்டன. சிங்கப்பூர்ப் பூந்தோட்டத் தலைவர் ரிட்லி, தம் சட்டைப்பையில் விதைகளைத் திணித்துக்கொண்டு கண்ட துரைமாரிடமெல்லாம் ரப்பர் பயிரிடும்படி மன்றாடினார். அதற்காகப் 'பித்தர்' என்ற பட்டமும் பெற்றார். மோட்டார் வண்டிகள் உலகில் பெருகியதும் பித்தர் ஞானியானார். காடு விலையேறியது. காட்டை வெட்டுவதற்கு ஆட்கள் வேண்டியிருந்தனர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள் நம் முன்னோர். ஒப்பந்தக் கூலி முறை 1910ல் ஒழிந்தது. கங்காணி முறை அதற்கு முன்னும் இருந்தது, பின்னும் நெடுங்காலம் நீடித்தது. காடு திருத்தி நாடாக்கினோம் என்று மேடைகளில் பெருமை பேசுகிறோம். அந்தப் பெருமை மெய்தான். ஆனால் காடு திருத்தியவர்களில் எத்தனை பேர் அந்த நாட்டைக் காண உயிரோடிருந்தனர் என்ற கேள்வியை மேடையில் எவரும் எழுப்புவதில்லை.

அவர்களைக் கொன்றது புலியுமன்று, பாம்புமன்று. காய்ச்சல்! புதிதாகத் திறக்கப்பட்ட தோட்டங்களில் ஓராண்டுக்குள் பத்தில் ஒருவர் மாண்ட இடங்கள் உண்டு. அதனினும் மிகுதியாக மாண்ட இடங்களும் உண்டு. காலையில் பெரட்டுக்கு வந்து நின்றவன் நடுக்கத்தோடு லயத்துக்குத் திரும்புவான். மண்ணீரல் வீங்கிய பிள்ளைகள் வயிறு முன்தள்ளித் திண்ணையில் உட்கார்ந்திருக்கும். கர்ப்பிணிகளுக்கு இந்நோய் செய்த கொடுமை சொல்லுந்தரமன்று. இறந்தவர் இடத்தை நிரப்ப அடுத்த கப்பலில் ஆள் வந்துகொண்டிருந்தபடியால், சாவு என்பது தோட்டக் கணக்கில் ஒரு செலவினமாகவே நெடுநாள் எழுதப்பட்டு வந்தது.

இக்காய்ச்சலுக்குக் காரணம் யாது? நம்மவர், காட்டிலே குடியிருந்த முனியின் சினம் என்றனர். முதல் மரம் வெட்டுமுன் சேவலறுத்தும் கிடா வெட்டியும் அச்சினத்தைத் தணிக்கப் பார்த்தனர். இதற்காக அவர்களை மட்டும் நகைத்தல் நியாயமாகாது. துரைமார்களும் கற்றறிந்த வைத்தியர்களுங்கூட, புதுமண்ணைக் கிளறினால் அதிலிருந்து நச்சுக்காற்று எழுந்து காய்ச்சலை உண்டாக்குகிறது என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அது. மலேரியா என்ற பெயருக்கே இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' என்பதுதான் பொருள். ஒருவருக்கு முனி, மற்றவருக்குக் காற்று. இருவருக்கும் இடையில் கொசு எவர் கண்ணிலும் படாமல் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

1897 ஆகஸ்டு 20ஆம் நாள், செகந்தராபாத்தில் இராணுவ வைத்தியராக இருந்த ரொனால்ட் ராஸ், கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். மறு ஆண்டு கல்கத்தாவில் பறவைகளை வைத்துச் சோதித்து, கொசுக்கடியினாலேயே இந்நோய் பரவுகிறது என்பதை நிலைநாட்டினார். அவருக்கு 1902ல் நோபெல் பரிசும் கிடைத்தது. எனினும், கண்டுபிடிப்பு ஒன்று. அதைக் கொண்டு ஓர் ஊரையாவது காப்பது வேறொன்று. இரண்டாவது வேலைக்கு முதன்முதலாகக் களமாக வாய்த்த ஊர்களுள் ஒன்று நம் கிள்ளான்.

மால்கம் வாட்ஸன் என்னும் இளம் ஸ்காட்லாந்து வைத்தியர் 1901ன் தொடக்கத்தில் கிள்ளான் மாவட்டத்துக்கு அனுப்பப்பட்டார். சதுப்பு நிலத்துக்கு நடுவே ஊர். ஊருக்குள்ளேயே பள்ளங்களும் தேங்கிய நீரும். ஆஸ்பத்திரி கொள்ளாத கூட்டம். அதே ஆண்டு செப்டம்பரில் சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களுக்குள் துறைமுகத்தில் வேலை செய்தோர் காய்ச்சலில் வீழ்ந்தனர். பெரும்பொருள் செலவழித்துக் கட்டிய துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. வாட்ஸன் அதற்கு இணங்கவில்லை. சதுப்பை வடியுங்கள், சுற்றியுள்ள காட்டை வெட்டுங்கள், பள்ளங்களைத் தூருங்கள், கடல் நீர் புகாதபடி கரை கட்டுங்கள் என்றார். சர்க்கார் பணம் ஒதுக்கியது. வேலையைச் செய்த கைகளில் நம்மவர் கைகளும் உண்டு.

பலன் எண்ணில் தெரிந்தது. கிள்ளான் நகரிலும் துறைமுகத்திலும் காய்ச்சலால் இறந்தோர் தொகை 1901ல் 368. அது 1902ல் 59 ஆகவும் 1903ல் 46 ஆகவும் வீழ்ந்தது. அந்தச் சிற்றூரின் மக்கள் தொகையோடு இந்த எண்களை வைத்துப் பார்த்தால்தான் அதன் பொருள் விளங்கும். எந்த மக்களுடைய ஒழுக்கமும் அந்த ஓராண்டில் திருந்திவிடவில்லை. எவருக்கும் புதிதாய் எச்சரிக்கை பிறக்கவில்லை. அதே மக்கள், அதே வேலை, அதே குடிசைகள். நீர் மட்டும் வடிந்திருந்தது.

இதற்கு மேல்தான் கதை சுவையாகிறது. கடலோரச் சமவெளியில் வெற்றி கண்ட இம்முறையை உள்நாட்டுக் குன்றுப் பகுதித் தோட்டங்களிலும் கையாண்டார்கள். காட்டை அடியோடு வெட்டினார்கள். ஓடைகளை மறைத்த புதர்களைக் களைந்தார்கள். நீர் தங்குதடையின்றி ஓடும்படி துப்புரவு செய்தார்கள். பார்ப்பதற்குக் கண்ணாடிபோல் தெளிந்த நீர். காய்ச்சல் குறைந்ததா? பல இடங்களில் முன்னிலும் கூடியது. சமவெளித் தோட்டத்தில் பிள்ளைகள் தேறிவர, குன்றுத் தோட்டத்தில் அதே முறையைப் பின்பற்றிய லயங்களில் பிணம் விழுந்துகொண்டேயிருந்தது. முனியை நம்பியவர்களுக்கு இது ஒரு சான்றாகவே தோன்றியிருக்க வேண்டும்!

விடை கொசுவின் குலத்தில் இருந்தது. அனோபிலிஸ் என்ற பொதுப்பெயருடைய கொசுக்களில் பல இனங்கள் உள்ளன. கடலோரத்துச் சதுப்புக் காட்டில் நோய் பரப்பியது அம்புரோசஸ் என்ற இனம். அதற்கு நிழலும் தேங்கிய நீரும் வேண்டும். காட்டை வெட்டி நீரை வடித்தால் அது அழியும். குன்றுகளில் நோய் பரப்பியதோ மாக்குலேட்டஸ் என்ற இனம். அதற்கு வெயில் படும் தெளிந்த ஓடையே பிடித்தமான தொட்டில். காடு மூடியிருந்தவரை அந்த ஓடைகளில் அதற்கு இடமில்லை. மரத்தை வெட்டி, புதரைக் களைந்து, சூரியனுக்கு வழி திறந்துவிட்டதும் நாமே அதனை விருந்துக்கு அழைத்தவர்களானோம். துப்புரவு என்று எண்ணிச் செய்த வேலை சாவுக்குத் துணையாயிற்று.

வாட்ஸன் இதை உணர்ந்தபின் முறையை மாற்றினார். குன்றுகளுக்கிடையே ஓடும் ஊற்றுநீரைச் சுட்டமண் குழாய்களுக்குள் இறக்கி, மேலே மண்ணிட்டு மூடி, வெயிலும் கொசுவும் காணாதபடி நிலத்தடியில் ஓடச் செய்தார். குழாய் பதிக்க இயலாத இடங்களில் நீர்ப்பரப்பின் மேல் எண்ணெய் தெளிக்கப்பட்டது. முட்டையிலிருந்து கொசுவாகிப் பறப்பதற்குள் புழு மூச்சு முட்டி மடிய வேண்டுமாதலால், வாரந்தவறாமல் தெளிக்க வேண்டியிருந்தது. லயங்களை ஓடைக்கரையில் கட்டாமல் எட்டக் கட்டும்படியும் அவர் வற்புறுத்தினார். தண்ணீர் சுமக்கும் தூரம் குறையட்டும் என்று ஓடையோரம் லயம் கட்டியது அதுவரை வழக்கம். அந்த வசதிக்கு விலையாகப் போனது எத்தனை உயிரோ! 1911ல் வெளிவந்த அவருடைய மலேரியாத் தடுப்பு நூல் இந்த அனுபவங்களையெல்லாம் தோட்டந்தோட்டமாக விவரிக்கிறது. இன்ன இடத்தில் இன்ன கொசு, அதற்கு இன்ன பரிகாரம் என்று பிரித்தறியும் முறை பின்னர் உலகின் பல நாடுகளிலும் பின்பற்றப்பட்டது.

கொய்னாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரட்டுக் களத்தில் வரிசையாய் நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லி ஊற்றிய அந்தக் கசப்பு நீரைத் தோட்டத்தில் வளர்ந்த முதியோர் மறக்கவில்லை. கொய்னா நல்ல மருந்து. பல உயிர்களை அது மீட்டது. ஆனால் அதைக் குடித்தவர் மறுவாரம் மீண்டும் கடிபட்டார், மீண்டும் வீழ்ந்தார். வீழ்ந்தால், 'கொய்னாவைத் துப்பியிருப்பாய்' என்று திட்டும் கேட்டார். குழாய் பதிப்பது துரையின் செலவு; கொய்னாவை விழுங்குவது கூலியின் கடமை. செலவு செய்ய மனமில்லாத இடங்களில் கடமை மட்டும் கண்டிப்பாக வற்புறுத்தப்பட்டது என்பதில் வியப்பில்லை. வாட்ஸனும் இதை அறிந்தேயிருந்தார். நோயாளிகளால் நடைபெறாத வேலை, ஆஸ்பத்திரிச் செலவு, புது ஆள் பிடிக்கும் செலவு ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால் குழாயும் எண்ணெயும் மலிவு என்று கணக்குக் காட்டிப் பேசினார். கருணைக்கு இளகாத மனம் கணக்குக்கு இளகிற்று. 1911ல் கூட்டு மலாய் நாடுகளில் மலேரியா ஆலோசனைக் குழு ஒன்று ஏற்பட்டது. 1912ல் தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்து, குடியிருப்பு, நீர், ஆஸ்பத்திரி முதலியவற்றைத் தோட்டத்தாரின் பொறுப்பாக்கிற்று. சட்டம் எழுதியபடியே எல்லாத் தோட்டங்களிலும் நடந்தது என்று சொல்வதற்கில்லை.

நடக்கவில்லை என்பதற்கு 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தமே சாட்சி. ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் தொழிலாளர் வைத்த கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். கூலி உயர்வு இருக்கிறது; கள்ளுக்கடையை மூடு என்பது இருக்கிறது; துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்பதும் இருக்கிறது. அவற்றோடு தக்க வைத்திய வசதி வேண்டும் என்ற கோரிக்கையும் நிற்கிறது. மானமும் உயிர்க்காப்பும் வெவ்வேறல்ல என்று அந்த எழுத்தறியாத மக்கள் கண்டிருந்தனர். வந்த பதில் துப்பாக்கி. உயிர்கள் போயின, நாதன் நாடு கடத்தப்பட்டார்.

அதே ஆண்டு இறுதியில் ஜப்பானியர் படையெடுத்தனர். அடுத்த மூன்றரை ஆண்டுகளில் தோட்டத்து வடிகால்கள் தூர்ந்தன, எண்ணெய் தெளிக்க ஆளுமில்லை, எண்ணெயுமில்லை, கொய்னா அரிதாயிற்று. மலேரியா பழையபடி தலைவிரித்தாடியது. போருக்குப் பின் டி.டி.டி. மருந்து வந்தது, 1967ல் தீபகற்பத்தில் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கிற்று. அந்த நோயைப் பற்றிய நம் கதை இங்கே முடிகிறது. ஆனால் லயத்துக்குள் வேறொரு சாவு அதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. இம்முறை அது ஓடையில் பிறக்கவில்லை. ஸ்டோரில் பூட்டி வைக்கப்பட்டு, கிராணியின் கணக்கில் எழுதி, அளந்து கொடுக்கப்பட்டது.

லாலாங் புல் தோட்டக்காரரின் பழைய பகை. மண்வெட்டியால் கொத்தினால் வேர் மீண்டும் தளிர்க்கும்; கூலியும் ஆகும். ஆகவே போருக்கு முன்பிருந்தே சோடியம் ஆர்ஸனைட் என்ற மருந்தை நீரில் கரைத்துத் தெளித்தார்கள். ஆர்ஸனைட் என்றால் என்ன? நம் வீட்டுப் பாட்டிமார் அறிந்த பாஷாணத்தின் உறவுதான். தெளித்த புல்லை மேய்ந்து மாடுகள் மாண்டன. மாட்டுக்குரியவன் வந்து முறையிட்டான். அது நஷ்டம் என்று எல்லாருக்கும் விளங்கிற்று. தெளித்தவருடைய தோல் புண்ணாயிற்று. அது 'சொறி' என்று டிரஸரின் ஏட்டில் ஏறிற்று.

1962 முதல் சந்தைக்கு வந்தது பாராக்குவாட். ஐ.சி.ஐ. என்ற ஆங்கிலக் கம்பெனியின் கண்டுபிடிப்பு. கிராமாக்ஸோன் என்ற பெயரில் தோட்டமெங்கும் பரவிற்று. ஆர்ஸனைட்டுக்கு மாற்றாக இது வரவேற்கப்பட்டது. மண்ணில் பட்டதும் வலுவிழந்துவிடும், மரத்துக்குக் கேடில்லை என்றார்கள். மரத்தைப் பொறுத்தவரை அது மெய்யே. மனிதருக்கு? ஒருவாய் உள்ளே போனால் நுரையீரல் நாளுக்கு நாள் இறுகி, மூச்சு அடங்கும். முறிவு மருந்து கிடையாது. உள்ளே போகாமல் மேலே பட்டுக்கொண்டேயிருந்தால் தோல் வெந்துபோகும்; நகம் கருத்து உதிரும்; மூக்கிலிருந்து இரத்தம் வரும்; கண் எரியும். இவற்றையெல்லாம் மலாயாத் தோட்டங்களில் மருந்தடிப்போரிடமே பார்த்து 1960களிலேயே வைத்திய ஏடுகளில் எழுதிவைத்திருக்கிறார்கள். அறியாமல் நடந்த கேடு என்று எவரும் சொல்லிக்கொள்ள வழியில்லை. லயத்து வீட்டுக்குள் எட்டும் இடத்தில் இந்த நஞ்சு இருந்தபடியால், ஒருநாள் மனக்கசப்பு மீளாத சாவாக முடிந்த குடும்பங்களும் பல. வேறெதுவும் கையில் அகப்பட்டிருந்தால் அவர்களில் பலர் பிழைத்து, மறுநாள் தம் செய்கைக்கு வருந்தியிருப்பார்கள்.

மருந்தடிப்போர் யார்? பெரும்பாலும் பெண்கள். பால் வெட்டுக்கும் குலை வெட்டுக்கும் ஆண்களைப் போட்டு, முதுகுப் பம்ப்பைப் பெண்களிடம் கொடுப்பது வழக்கமாயிற்று. நிறைந்த பம்ப்பின் பாரம் முதுகில். மூடி சரியில்லாத பம்ப்பிலிருந்து ஒழுகும் மருந்து இடுப்பில். எதிர்க்காற்று அடித்தால் முகத்தில். இத்தனை டாங்கி அடித்தால் இவ்வளவு கூலி என்ற கணக்கு இருக்கும்போது, காற்று மாறும்வரை காத்திருக்க யாரால் இயலும்? கம்பெனி அச்சிட்ட துண்டுத்தாளில் மேலங்கி, கையுறை, கண்ணாடி, முகமூடி எல்லாம் படமாக வரையப்பட்டிருந்தன. குளிர்நாட்டு அறையில் உட்கார்ந்து வரைந்த படம் அது! நண்பகல் வெயிலில், காற்றோட்டமற்ற செம்பனைக்கு அடியில், ரப்பர் மேலங்கிக்குள் ஒருவர் எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்பதை அணிந்து பார்த்தவர்களே அறிவர். ஆகவே நம் பெண்கள் பழந்துணியை மூக்கில் கட்டிக்கொண்டார்கள். துணி நனைந்தது, நனைந்த துணி மருந்தை மூக்கோடு ஒட்டிவைத்தது. இதைக் கண்ட மேற்பார்வையாளர், 'கொடுத்த சாமானைப் போடுவதில்லை. சொன்னால் கேட்பதில்லை' என்று ரிப்போர்ட் எழுதினார். கொய்னாவைத் துப்பினாய் என்ற பழைய பாட்டுதான் இது. பல்லவி மாறவில்லை.

1974ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்து, எந்த மருந்தை விற்கலாம் என்று தீர்மானிக்க ஒரு வாரியமும் ஏற்பட்டது. வாரியத்தின் ஏட்டில் பாராக்குவாட்டும் அனுமதி பெற்ற மருந்தாகவே நீடித்தது. அடுத்த முயற்சி சர்க்காரிடமிருந்து வரவில்லை. ஐரின் பெர்னாண்டஸ் 1991ல் தோற்றுவித்த தெனாகானித்தா என்ற அமைப்பினர், பூச்சிக்கொல்லிகளை எதிர்த்து ஆசிய பசிபிக் வட்டாரத்தில் பணியாற்றும் பினாங்கு அமைப்பொன்றோடு சேர்ந்து தோட்டங்களுக்குள் சென்று, மருந்தடிக்கும் பெண்களிடமே பேசி, 2002ல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். நஞ்சூட்டப்பட்டு வாயடைக்கப்பட்டவர்கள் என்பது அதன் தலைப்பின் கருத்து. களைப்பு, வாந்தி, முதுகுவலி, மூச்சுத் திணறல், தோலரிப்பு, கண்ணெரிச்சல் என்று அவர்கள் கூறியவற்றை அந்நூல் பதிவு செய்தது. தாம் சுமப்பது இன்ன மருந்து என்பதை அறியாதவர்களும் அவர்களில் இருந்தனர். நமக்கு அந்நூலின் பெருமை வேறோரிடத்தில் தெரிகிறது: அதுவரை ஏட்டில் 'பழக்கமின்மை' என்று எழுதப்பட்டவர்கள் முதன்முறையாகச் சாட்சிகளாகப் பேசினர்.

அவ்வாண்டு ஆகஸ்டில் மலேசிய சர்க்கார் பாராக்குவாட்டுக்குத் தடை அறிவித்தது. படிப்படியாக நிறுத்தப்படும் என்றது. மகிழ்ந்தவர்களின் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. கம்பெனியாரும் தோட்ட முதலாளிகளும் முறையிட்டபின் 2006ல் தடை விலக்கப்பட்டது. சுவீடன் இதே மருந்தை 1983லேயே தடை செய்திருந்தது. 2007 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றமொன்று ஐரோப்பியக் கூட்டமைப்பு முழுவதற்கும் அளிக்கப்பட்டிருந்த அனுமதியை ரத்து செய்தது. வெயில் குறைந்த நாடு, படித்த உழவர், மூடிய வண்டியில் அமர்ந்து மருந்தடிக்கும் வசதி. அங்கேயே ஆகாது என்று தள்ளப்பட்ட ஒன்று, வெயிலில் நடந்து முதுகில் சுமப்போருக்கு ஆகும் என்று இங்கே மேலும் பல்லாண்டு கொடுக்கப்பட்டது. இறுதியில் 2020 ஜனவரி முதல் நாளன்று மலேசியாவில் பாராக்குவாட் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. முதல் தடைக்கும் இறுதித் தடைக்கும் இடையே பதினேழு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. ஐரின் 2014ல் காலமானார். அவர் அந்த நாளைக் காணவில்லை.

சுவீடனைக் குறித்தபடியால் ஒரு கிளைச் செய்தி. டிராக்டர் குடை சாய்ந்து ஓட்டுபவர் அடியில் நசுங்குவது உலகெங்கும் உழவுத் தொழிலின் பெரிய சாவு. 1959ல் அந்நாடு, புதிய டிராக்டர் ஒவ்வொன்றிலும் ஓட்டுபவரைச் சுற்றி உறுதியான இரும்புச் சட்டகம் இருந்தே தீர வேண்டும் என்று சட்டம் இயற்றியது. பழைய டிராக்டர்கள் போகப் போக அச்சாவு அங்கே மிக அருகிவிட்டது. உழவர்கள் முன்னைவிட நிதானமாக ஓட்டினார்களா என்பதை அச்சட்டம் கேட்கவில்லை. வண்டி சாயத்தான் செய்யும், சாய்ந்தாலும் சாகக்கூடாது என்று எண்ணிய அறிவு அது. கிள்ளானில் சதுப்பை வடித்த அறிவுக்கு இது தம்பி முறை ஆகும்.

நம் நாட்டில் பொதுவாகத் தொழிலிடப் பாதுகாப்புக்கு ஒரு முழுச் சட்டம் வரக் காரணமாயிருந்தது தோட்டமன்று. 1991 மே 7ஆம் நாள் சுங்கை பூலோவில் ஒரு பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் மாண்டனர். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். நாடு திடுக்கிட்டது. 1994ல் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. அதற்கு முன்பிருந்த 1967ஆம் ஆண்டுச் சட்டம் தொழிற்சாலையையும் இயந்திரத்தையும் பற்றியது. ரப்பர் ஆலைக்குள் ஒரு சக்கரத்துக்கு மூடி வேண்டும் என்று அதைக்கொண்டு கேட்கலாம், ஆலைக்கு வெளியே பம்ப் சுமப்பவளுக்காக ஒன்றும் கேட்க முடியாது. புதிய சட்டமே விவசாயத்தையும் தன் வரம்புக்குள் சேர்த்தது. ஒரே வெடியில் 26 பேர் மாண்டதும் சட்டம் பிறந்தது. ஒருவர் ஒருவராக, லயம் லயமாக, ஓசையின்றி மாண்டவர்களுக்காக அது முன்பே பிறந்திருக்கலாம். அவர்கள் மாண்டது பத்திரிகையில் வரவில்லை.

இழப்பீட்டுச் சட்டங்களைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. 1952ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும், 1971ல் வேலை தொடங்கிய சொக்சோவும் பல குடும்பங்களுக்கு அரிசி வாங்கப் பயன்பட்டன. அதற்கு நன்றி உண்டு. ஆயினும் விரலுக்கு இவ்வளவு, கண்ணுக்கு இவ்வளவு என்று விலைப்பட்டியல் போடுவது காப்பாகாது. அயல்நாட்டுத் தொழிலாளர்கள் 2019 ஜனவரியில்தான் மீண்டும் சொக்சோவின் வேலைவிபத்துக் காப்புறுதிக்குள் கொண்டுவரப்பட்டார்கள் என்பதை மட்டும் இங்கே குறித்துவைப்போம்.

ஏனெனில் இன்று அந்தப் பம்ப் யார் முதுகில் இருக்கிறது? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வீடுமனைகளாயின. நம்மவர் பெரும்பாலோர் நகரோரத்துக்கு வந்துவிட்டனர். எஞ்சிய தோட்டங்களில் குலை வெட்டுவோரும் மருந்தடிப்போரும் மிகுதியும் இந்தோனேசியர், வங்காளதேசத்தார், நேப்பாளியர். உயர்ந்த மரத்துக் குலையை அறுக்க நீண்ட உலோகக் கோலைத் தூக்குகையில் அது மின்கம்பியில் பட்டு மாள்வோரும், தலைமேல் குலை விழுந்து மாள்வோரும், லோரியிலிருந்து விழுந்து மாள்வோரும் இன்று அவர்கள்தாம். அவர்கள் மொழியில் 'விதி'க்கு என்ன சொல் உண்டோ அச்சொல்லை அவர்கள் லயத்திலும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஆபீசில் சொல்லப்படும் சொல்லுக்கோ மொழிபெயர்ப்பு தேவையில்லை. நம் பாட்டிமார் சுமந்ததை அவர்கள் சுமக்கிறார்கள் என்பதை நம்மவரில் சிலர் மறந்து, அவர்களை ஏளனமாகப் பேசுவதைக் கேட்கும்போது நமக்கு நாணம் உண்டாகிறது.

1994ஆம் ஆண்டுச் சட்டம் 2022ல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதில் ஒரு விதி நம் கவனத்துக்குரியது. தம் உயிருக்கு உடனடி அபாயம் இருப்பதாக நம்புவதற்குத் தக்க காரணம் ஒரு தொழிலாளிக்கு இருந்து, அதனை முதலாளிக்கு அறிவித்தும் அவர் நீக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தைவிட்டும் அந்த வேலையை விட்டும் விலகிக்கொள்ளலாம்; விலகியதற்காக அவருக்குத் தீங்கு விளைவித்தலாகாது. இந்த விதியைப் படிக்கையில், இதே நாட்டில் முன்பு வழங்கிய வேறொரு விதியும் நினைவுக்கு வருகிறது. காய்ச்சல் தோட்டத்தைவிட்டு இரவோடிரவாக ஓடிப்போன ஒப்பந்தக் கூலியைப் பிடித்துவந்து, வேலையை விட்டோடிய குற்றத்துக்காகச் சிறையில் அடைக்க அன்றைய சட்டம் இடங்கொடுத்தது. ஒப்பந்தமுறை ஒழிந்த பின்னும் அத்தகைய தண்டனைகள் 1920களின் தொடக்கம்வரை சட்டப் புத்தகத்தில் இருந்தன. அப்படி ஓடியவர்களில் பலர் பிழைத்திருக்கிறார்கள். நம்மில் சிலர் அவர்களுடைய பேரப்பிள்ளைகள்.